மழைத் தண்ணீருக்கு யார் கையெழுத்துப் போடுவது?

நான் படித்தது பி.காம். பிழைப்பு வங்கியில். மண்ணையும் மழையையும் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால், என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. நான் போட்ட பணத்தால் ஒருவருடைய வயல் மண் மூடிப் போனது. அந்த ஒருவர் வேறு யாருமில்லை, என் சொந்தத் தாய்மாமன். எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன வாரம் இங்கே பெய்த மழை எழுத வைத்துவிட்டது.

நாங்கள் இருப்பது சிங்கப்பூரில், சுவா சூ காங் பக்கம். கொஞ்ச தூரத்தில் தெங்கா என்று ஒரு புது நகரத்தையே எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது பேய்மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கினேன். எதிரே கட்டுமான இடம். வேலிக்கு உள்ளே எங்கே பார்த்தாலும் செம்மண் குவியல், சேறு, ஜேசிபி. ஆனால் வேலிக்கு வெளியே கால்வாயில் வந்து விழுந்த தண்ணீர் தெளிவாக இருந்தது. குழாய்த் தண்ணீர் அளவுக்கு இல்லைதான், ஆனாலும் அடியில் இருக்கும் சிமெண்டுத் தரை தெரிந்தது.

பக்கத்தில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஒரு தொழிலாளி நின்றிருந்தார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கேட்டேன்.

"என்னண்ணே, உள்ள இவ்வளவு சேறு கெடக்கு, வெளிய வர்ற தண்ணி இப்படி இருக்கு?"

"அதுக்குன்னே ஆள் வச்சிருக்காங்க சார். ஈசிஎம் ஆபீசர்னு பேரு. மழை வந்தா நாங்க ஒதுங்கிக்குவோம், அவருக்குத்தான் ஓட்டம். தண்ணி கலங்கலா வெளிய போச்சுன்னா கேமராவுல தெரிஞ்சுபோவும். அப்புறம் சைட்டுக்கே சிக்கல்."

மழை விடும் வரை விளக்கினார். மண்ணைத் தோண்டியதும் திறந்து போடாமல் படுதா போட்டு மூடிவிட வேண்டுமாம். ஓரம் முழுக்க வாய்க்கால் வெட்டி, தண்ணீரை ஒரு தொட்டிக்குக் கொண்டுவர வேண்டுமாம். அங்கே மருந்து போட்டு மண்ணைப் படிய வைத்து, தெளிந்ததை மட்டும் வெளியே விட வேண்டுமாம். வெளியே போகும் லாரியின் சக்கரத்தைக்கூடக் கழுவித்தான் அனுப்புகிறார்கள்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். இங்கே 2007-ஆம் ஆண்டு விதிகளின்படி, கட்டுமான இடத்திலிருந்து வடிகாலுக்குள் விடும் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மண்துகள் இருக்கக் கூடாது. 50 மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. அதைவிட என் கண்ணில் பட்டது வேறொரு விஷயம். மண்ணைத் தொடுவதற்கு முன்பே 'இந்த இடத்தில் மண்ணை இப்படித்தான் தடுத்து நிறுத்தப் போகிறோம்' என்று ஒரு திட்டம் போட்டாக வேண்டும். அதில் கையெழுத்துப் போடுபவர் பதிவு பெற்ற பொறியாளராக இருந்தால் மட்டும் போதாது, மண்ணரிப்புத் தடுப்பில் தனியாகப் படித்துத் தேறியவராகவும் இருக்க வேண்டும். அந்தத் திட்டப்படி வேலை நடக்கிறதா என்று தினமும் இடத்தில் நின்று பார்க்கும் ஆபீசரும் பயிற்சி முடித்தவராக இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களுக்கு இது புதிதல்ல. அங்கே ஒரு ஏக்கர் அல்லது அதற்கு மேல் மண்ணைக் கிளறினாலே மழைநீருக்கென்று அனுமதி வாங்க வேண்டும். மண்ணரிப்பைத் தடுப்பதற்கென்றே பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவர்கள் அங்கே இருக்கிறார்கள். அது ஒரு தனித் தொழில்.

இதைப் படித்தபோது எனக்குக் குடுபல்லி ஞாபகம் வந்தது.

எங்கள் ஊர்

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் ரயில் பாதையில் குப்பத்துக்கு அடுத்த ஸ்டேஷன் குடுபல்லி. வேகமான வண்டியில் போனால் பெயர்ப்பலகையைப் படிப்பதற்குள் தாண்டிவிடும். ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் கடைக்கோடி மூலை. கொஞ்ச தூரம் இந்தப் பக்கம் போனால் கர்நாடகம், அந்தப் பக்கம் போனால் தமிழ்நாடு. எங்களுக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் கன்னடமும் கலந்துவிடும். செம்மண் பூமி. பாறை துருத்திக்கொண்டிருக்கும் கரடுகள், அதற்குக் கீழே சரிவான மேட்டு நிலம், அதற்கும் கீழே ஏரி. நிலக்கடலை, கேழ்வரகு, மல்பெரி, தக்காளி. தண்ணீர் என்றால் வானத்தைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் போர் போட்டுக் கடன்காரனாக வேண்டும்.

2019-ல் அந்த மேட்டு நிலத்தில் ஒரு லே-அவுட் போட்டார்கள். ஊரில் நமக்கென்று ஒரு பிடி மண் வேண்டாமா என்ற நினைப்பில் (வீட்டம்மா வேண்டாம் என்றுதான் சொன்னாள்) இரண்டு மனை வாங்கிப் போட்டேன். வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பாதிப் பேர் செய்வதுதானே இது.

நான் வங்கிக்காரன் இல்லையா, அதனால் சும்மா வாங்கவில்லை. பட்டா பார்த்தேன், 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்தேன், வக்கீலிடம் கருத்து வாங்கினேன், தாய்ப்பத்திரம் வரைக்கும் துருவினேன். பெங்களூர் எத்தனை கிலோமீட்டர், ரயில்வே ஸ்டேஷன் எத்தனை நிமிஷம் எல்லாம் கேட்டேன். கேட்காதது ஒன்றே ஒன்று. இங்கே பெய்யும் மழை எங்கே போகும்?

லே-அவுட் போட்டவர் (பெயர் வேண்டாம்) ஜேசிபியை விட்டு, சரிவில் இருந்த புதர், காட்டுச்செடி, பழைய கல்வரப்பு எல்லாவற்றையும் வழித்து எடுத்தார். பார்க்க வழவழவென்று இருந்தது. போட்டோ அனுப்பினார்கள், நானும் மகிழ்ந்தேன். ரோடுகளை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இறக்கினார்கள். வடிகால் கிடையாது. அந்த ரோடு முடிகிற இடத்தில் மாமாவின் ஒன்றரை ஏக்கர்.

2021 நவம்பர் ஞாபகம் இருக்கும். திருப்பதி வெள்ளத்தில் மிதந்தது. ராயலசெருவு ஏரிக்கரை கசிய ஆரம்பித்துக் கீழே இருந்த ஊர்களைக் காலி செய்ய வைத்தார்கள். கடப்பை மாவட்டத்தில் செய்யேறு மேல் கட்டிய அன்னமய்யா அணை உடைந்து உயிர்கள் போயின. பாலாற்றில் ஒரு லட்சம் கன அடியைத் தாண்டித் தண்ணீர் வந்தது. அந்த மழையில் எங்கள் லே-அவுட்டின் நேர் ரோடு ஒரு வாய்க்காலாக மாறி, மேட்டு மண்ணை வழித்து எடுத்துக்கொண்டு மாமாவின் நிலத்தில் போய்க் கொட்டியது. அங்கே இருந்தது தக்காளி. குச்சி நட்டு, கட்டு கட்டி, காய் பிடித்திருந்த தோட்டம். அந்த மாதம்தான் மழையால் வரத்து குறைந்து மதனப்பள்ளியில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. மாமா வாழ்நாளில் பார்க்காத விலை. பறிக்கத்தான் அவரிடம் செடி இல்லை.

போன் செய்தார். கோபமாகப் பேசவில்லை. "உன் ரோட்டு மண்ணு வந்து என் தோட்டத்துல படுத்துக்கிட்டு இருக்கு மாப்ளே. எப்ப வந்து எடுத்துக்கிட்டுப் போற?" என்றார். சிரித்த மாதிரிதான் கேட்டார். எனக்கு அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

ஃபைலில் இல்லாத கேள்வி

வங்கியில் ஒரு விதி உண்டு. கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாய் நகராது. கடன் கெட்டுப்போனால் யார் பரிந்துரை செய்தார், யார் மதிப்பீடு போட்டார், யார் அனுமதித்தார் என்று ஒவ்வொரு பெயராக விசாரிப்பார்கள். அந்தப் பயம் இருப்பதால்தான் நாங்கள் ஃபைலை ஒழுங்காகப் படிக்கிறோம். (எப்போதும் இல்லை, பெரும்பாலும்.)

இருபது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன். இந்தியாவில் வேலை பார்த்த காலத்தில் மனைக்கடன், வீட்டுக்கடன், போர் போடக் கடன் என்று எத்தனையோ ஃபைல் என் கையைத் தாண்டிப் போயிருக்கிறது. ஒரு ஃபைலில்கூட 'இந்த நிலத்தை மாற்றினால் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும், அதற்கு யார் பொறுப்பு' என்ற கேள்வியை நான் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை. அடமானச் சொத்து மண்தான். ஆனால் மண் இடத்தை விட்டுப் போகும் என்று எங்கள் கணக்குப் புத்தகத்தில் கிடையாது.

போகிறது. 1983-ல் டேராடூன் விஞ்ஞானிகள் போட்ட கணக்குப்படி இந்தியாவில் வருஷத்துக்கு 533 கோடி டன் மண் இடம் பெயர்கிறது. சராசரியாக ஒரு ஹெக்டேருக்கு 16 டன்னுக்கு மேல். அதில் 29 சதவீதம் கடலுக்குப் போகிறது, 10 சதவீதம் அணைகளில் படிகிறது. மீதி எங்கே? மாமாவின் தோட்டம் மாதிரி இடங்களில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அங்குல மேல்மண் உருவாக நூற்றுக்கணக்கான வருஷம் ஆகும். எந்த வங்கியிலும் இவ்வளவு நீண்ட தவணை கிடையாது.

பாலாற்றுத் தண்ணீருக்காக 2006-ல் கணேசபுரம் அணை விவகாரத்தில் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் வரை போனது. தண்ணீருக்குச் சண்டை போடுகிறோம், சரி. அந்தத் தண்ணீரோடு போகும் மண்ணுக்காக யாரும் கோர்ட்டு வாசலை மிதித்து நான் கேள்விப்பட்டதில்லை.

நமக்குத் தெரியாததா?

'சிங்கப்பூர்க்காரன் கிட்டேயிருந்துதான் கத்துக்கணுமா' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தேடிப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம்.

எங்கள் ஊருக்கு வடக்கே கடப்பை மாவட்டத்தில் போருமாமில்ல என்று ஓர் ஊர். அங்கே இருக்கும் பெரிய ஏரியின் கரையில் 1369-ஆம் ஆண்டுக் கல்வெட்டு நிற்கிறது. விஜயநகர இளவரசர் பாஸ்கரர் வெட்டிய ஏரி. நல்ல ஏரிக்கு வேண்டிய பன்னிரண்டு அம்சங்களையும், வரக்கூடாத ஆறு குற்றங்களையும் அதில் வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கெட்டி மண், உறுதியான கரை, நல்ல கல் கிடைக்கும் இடம் எல்லாம் பட்டியலில் உண்டு. கூடவே இரண்டு மனிதக் கணக்கும் உண்டு. நீர்நூல் கற்ற ஒருவர் வேண்டும், கட்டும் வித்தையில் தேறிய வேலைக்காரர் கூட்டம் வேண்டும். அதாவது படித்தவன் ஒருவன், பயிற்சி பெற்ற கைகள் பல. 650 வருஷத்துக்கு முன்பே இதை ஏரியின் உறுப்பாக எண்ணியிருக்கிறார்கள். (குற்றங்களில் ஒன்று, இரண்டு ராஜ்ஜியங்களின் எல்லையில் ஏரி இருப்பது! எங்கள் ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் தலையில் கை வைத்துக்கொள்வார்கள்.)

அதற்குப் பிறகும் அறிவு செத்துப்போகவில்லை. ஒவ்வொரு ஏரிக்கும் நீர்க்கட்டி இருந்தார், மதகு அவர் கையில் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1954-ல் டேராடூன், பெல்லாரி, ஊட்டி என்று பல இடங்களில் மண்வளப் பாதுகாப்புக்கென்றே ஆராய்ச்சி, பயிற்சி மையங்களைத் திறந்தார்கள். இன்று அவை இந்திய மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்பு நிறுவனம் என்ற பெயரில் இயங்குகின்றன. பெல்லாரி எங்கள் பக்கத்து வறண்ட பூமி மாதிரிதான். அரசாங்க அதிகாரிகள் அங்கே தங்கிப் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

எங்கள் தொழிலிலும் ஓர் நல்ல உதாரணம் உண்டு. 1999-2000 பட்ஜெட்டில் அறிவித்து, நபார்டு பாதியும் மத்திய அரசு பாதியுமாக 200 கோடியில் நீர்வடிப்பகுதி மேம்பாட்டு நிதி ஒன்றை ஆரம்பித்தார்கள். அதில் எனக்குப் பிடித்த விஷயம், பணத்தை ஒரே மூச்சில் கொடுப்பதில்லை. ஊர்க்காரர்கள் முதலில் சுமார் 100 ஹெக்டேரில் வேலை செய்து கற்றுக்கொள்ள வேண்டும். வரப்பு சரியாக நிற்கிறதா, கமிட்டி ஒழுங்காகக் கணக்கு வைக்கிறதா என்று பார்த்த பிறகே முழுத் திட்டத்துக்கும் பணம். கற்றவனுக்குத்தான் கடன் என்பது மாதிரி. வங்கிக்காரனாக நான் கைதட்டுவேன்.

அப்படியானால் கோளாறு எங்கே? மத்திய அரசின் 2008 நீர்வடிப்பகுதி வழிகாட்டுதல்களைப் புரட்டினேன். 100 ரூபாயில் அமைப்பு உருவாக்கவும் பயிற்சி கொடுக்கவும் 5 ரூபாய். மீதியில் பெரும்பங்கு மண்வேலைக்கும் மற்ற வேலைக்கும். ஐந்து ரூபாய் குறைவு என்று சண்டை போட வரவில்லை. அந்த ஐந்து ரூபாயில் கற்றுக்கொண்ட ஆள் திட்டம் முடிந்த மறுவருஷம் எங்கே இருக்கிறார்? அதிகாரிக்கு மாற்றல் வந்துவிடும். தொண்டு நிறுவனம் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடும். குழி இருக்கும், வரப்பு இருக்கும், போர்டு இருக்கும். முதல் மழையில் வரப்பு உடைந்தால் வந்து பார்க்க யாரும் இல்லை.

எங்கள் பக்கம் 2000-ல் நீரு-மீரு வந்தது, 2016-ல் பண்ட சஞ்சீவனி என்று பண்ணைக் குட்டைகள் வந்தன. வேண்டாத வேலை என்று ஒன்றையும் சொல்ல மாட்டேன். ஆனால் குட்டைக்குள் தண்ணீர் நுழையும் வாயில் மண் தங்க ஒரு சின்னக் குழி வேண்டும், ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் அதை அள்ளிப் போட வேண்டும். அது இல்லாமல் வெட்டிய குட்டையில் நாலு வருஷத்தில் ஆடு மேய்வதை நானே பார்த்திருக்கிறேன்.

மூன்று குச்சியும் ஒரு கல்லும்

2022-ல் ஊருக்குப் போனேன். ரோட்டின் நடுவில் என் இடுப்பளவு ஆழத்துக்கு ஓடை அறுத்திருந்தது. லே-அவுட் போட்டவர் போனை எடுக்கவில்லை. பக்கத்து மனைக்காரர்கள் நம்பரைத் தேடிப் பிடித்தேன். பெங்களூரில் சிலர், துபாயில் ஒருவர், நியூஜெர்சியில் ஒருவர். கெஞ்சிக் கூத்தாடியதில் பதினோரு பேர் பணம் போட்டார்கள்.

வேலையைச் செய்தது யார் தெரியுமா? அதே ஊர்ப் பெண், பத்தாவது வரை படித்தவர். நூறு நாள் வேலைக்குப் போகும் குடும்பங்களில் படித்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து 90 நாள் பயிற்சி கொடுக்கும் ஒரு திட்டம் 2010-களின் நடுவில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தில் இருந்தது. வெறுங்கால் தொழில்நுட்பர் என்று பெயர். அதில் படித்தவர் அவர். பயிற்சி முடித்தும் அந்த வேலை நிலைக்காமல், குப்பத்தில் ஒரு துணிக்கடையில் இருந்தார்.

"பொம்பளப் புள்ளை என்ன லெவல் பார்க்கும்?" என்று ஒரு மனைக்காரர் போனில் இழுத்தார். பார்த்தது. மூன்று குச்சியை 'ஏ' எழுத்து மாதிரிக் கட்டினார். உச்சியிலிருந்து ஒரு கயிறு, நுனியில் ஒரு கல். குறுக்குக் குச்சியின் நடுவில் ஒரு கோடு. கயிறு அந்தக் கோட்டில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். அதை நட்டு நகர்த்தி, நட்டு நகர்த்தி, சரிவின் குறுக்கே சுண்ணாம்பால் மட்டக்கோடு போட்டுக்கொண்டே போனார். அந்தக் கோட்டில்தான் வரப்பு.

"மேல இருந்துதாங்க ஆரம்பிக்கணும்ணா," என்றார். "கீழ அணை கட்டிட்டு மேல சும்மா விட்டா அணைதான் ரொம்பும். தண்ணி ஓடக் கத்துக்கறதுக்கு முன்னாடியே நிறுத்தணும்." நான் அவசரத்தில் ரோட்டின் அடிவாரத்தில் ஒரு பெரிய கான்கிரீட் சுவர் கட்டலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

அவர் சொன்னதில் கணக்கும் இருக்கிறது. ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை, ஏட்டுக் கணக்குப்படி, 64 மடங்காகும். கூட்டுவட்டி மாதிரி. ஆரம்பத்திலேயே வேகத்தை ஒடித்தால் சில்லறைச் செலவு. அடிவாரத்தில் பிடித்தால் சொத்தை விற்க வேண்டும்.

சரிவின் குறுக்கே வரப்புகள், ஓடையில் படிப்படியாகக் கல் தடுப்புகள், ரோட்டோரம் வடிகால், அது முடியும் இடத்தில் மண் தங்கும் குழி, வரப்பின் மேல் வெட்டிவேரும் கற்றாழையும். மொத்தச் செலவில் என் பங்கு, அந்த மனைகளை வாங்கும்போது தரகருக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. முன்பே செய்திருந்தால் மாமாவின் தக்காளியும் தப்பியிருக்கும்.

அடுத்த மழையில் ஒரு வரப்பு உடைந்தது. அதையும் சொல்ல வேண்டும், எல்லாம் சுபம் என்று முடிக்க இது சினிமா இல்லை. ஆனால் மறுநாள் காலையிலேயே அந்தப் பெண் மண்வெட்டியோடு வந்து நின்றார். உள்ளூர்க்காரர், அதனால் வர முடிந்தது. சான்றிதழோடு அந்த ஊர் விலாசமும் இருந்தால்தான் பயிற்சிக்கு மதிப்பு என்று அன்றைக்குப் புரிந்தது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

என் கருத்து இதுதான். ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் மண்ணைக் கிளறும் எந்த வேலைக்கும், அது லே-அவுட் ஆகட்டும், கல்குவாரி ஆகட்டும், ரோடு ஆகட்டும், மழைநீருக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் பெயர் போட்டுக் கையெழுத்திட வேண்டும். வேலை முடிந்து குறைந்தது இரண்டு மூன்று மழைக்காலம் வரை அந்தப் பெயர் பொறுப்பில் இருக்க வேண்டும். திட்டம் போட ஒரு பொறியாளர், தினமும் பார்க்க உள்ளூரில் பயிற்சி பெற்ற ஒருவர். இரண்டும் வேண்டும். 90 நாளில் ஒரு பத்தாவது படித்த பிள்ளை இந்த வேலையைக் கற்றுக்கொள்ள முடிகிறது. அந்தப் பிள்ளைக்குச் சம்பளம் கொடுக்க ஓர் ஏற்பாடுதான் இல்லை.

'இன்னொரு சான்றிதழ், இன்னொரு கவுண்டர், இன்னொரு கவர்' என்று சொல்வீர்கள். அந்த ஆபத்து உண்மை. காசு கொடுத்தால் சீல் குத்தித் தரும் ஆட்கள் முளைப்பார்கள். வில்லங்கச் சான்றிலும் தில்லுமுல்லு நடக்கிறது, அதற்காக அதைப் பார்க்காமல் யாராவது நிலம் வாங்குகிறோமா? ஏமாற்ற முடியாத சோதனை ஒன்று இதில் இருக்கிறது. மழை பெய்யும்போது போய் நின்று வெளியேறும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தால் போதும், அதற்கு லேப் தேவையில்லை. சிங்கப்பூரில் கேமரா பார்க்கிறது, நம் ஊரில் கீழ் வயல்காரர் பார்ப்பார். அவர் சொல்வதைக் கேட்க ஓர் இடம் இருக்க வேண்டும்.

'அது பணக்கார ஊர், நமக்கு ஒத்துவருமா' என்பது அடுத்த கேள்வி. மருந்துத் தொட்டியும் கேமராவும் குடுபல்லிக்கு வேண்டாம். மூன்று குச்சியும் ஒரு கல்லும் வேண்டும், அதைப் பிடிக்கத் தெரிந்தவருக்குக் கூலி வேண்டும். 2025 ஆகஸ்டில் ஹந்திரி-நீவா கால்வாய் வழியாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி கிருஷ்ணா தண்ணீர் குப்பம் வந்து சேர்ந்தது. ஊரே கொண்டாடியது, நானும் வீடியோ பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அந்தத் தண்ணீர் போய்ச் சேர வேண்டியது ஏரிகளுக்கு. ஏரி மண் மேடாகிக் கிடந்தால் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்?

அரசாங்கம் செய்யும்போது செய்யட்டும். ஊரில் மனை வாங்கும் நம் குடும்பங்கள் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பத்திரம் பார்ப்பதோடு மூன்று கேள்வி கேளுங்கள். மேட்டிலிருந்து வரும் தண்ணீர் இந்த இடத்தில் எந்த வழியாகப் போகும்? போய் யார் நிலத்தில் விழும்? அதைப் பார்த்துத் திட்டம் போட்டவர் யார், அவர் என்ன படித்திருக்கிறார்? விற்பவர் முழித்தால், வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், ஊருக்குப் போகும்போது வெயில் காலத்தில் போகாமல் ஒருமுறை மழைக்காலத்தில் போங்கள். உங்கள் மனையில் நின்று தண்ணீர் போகும் பக்கம் பாருங்கள். அங்கே இருப்பது யார் தோட்டம் என்று விசாரியுங்கள்.

மாமா இப்போது அந்த ஒன்றரை ஏக்கரில் பாதியில் மட்டும் பயிர் வைக்கிறார். மேலே படிந்த சரளை மண்ணை டிராக்டர் வைத்து எடுத்தும், அடியில் இருந்த பழைய மண் முன்மாதிரி இல்லை என்கிறார். நான் கொடுத்த பணத்தை அத்தை கையில் கொடுக்கச் சொன்னார், அவர் கையால் வாங்கவில்லை. போன முறை போனபோது வரப்புகளைச் சுற்றிக் காட்டினேன். வெட்டிவேர் நன்றாகப் பிடித்திருந்தது. மண் குழியை எட்டிப் பார்த்தார். பாதி நிரம்பியிருந்தது.

"இதை வருஷா வருஷம் அள்ளணுமே. யாரு அள்ளுவா?" என்றார்.

"நான் பணம் அனுப்பறேன் மாமா. அந்தப் பொண்ணு பார்த்துக்கும்."

"உனக்கு அப்புறம்?"

பதினோரு மனைக்காரர்களின் வாட்ஸப் குழுவில் இந்தக் கேள்வியைப் போட்டிருக்கிறேன். இதுவரைக்கும் மூன்று பேர் பதில் சொல்லியிருக்கிறார்கள். அதில் இருவர், மனையை விற்றுவிடலாம் என்று இருக்கிறார்களாம்.